உலகக் கோப்பை குழுச் சுற்று: யார் உள்ளே, யார் வெளியே, ஏன்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

உலகக் கோப்பை கால்பந்து தொடங்கிப் பத்து நாள் ஆனால் போதும், கூட உட்கார்ந்து பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இவர்கள் ஜெயித்தும் ஏன் வெளியே போனார்கள்? அவர்கள் தோற்றும் ஏன் கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறார்கள்? மஞ்சள் அட்டையை எதற்கு எண்ணுகிறார்கள்? ஒவ்வொரு முறையும் வாயால் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எனக்கு நாக்-அவுட்டைவிட (தோற்றால் அன்றே வெளியே என்ற சுற்றைவிட) குழுச் சுற்றுதான் பிடிக்கும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாக்-அவுட்டில் அன்றைய ஆட்டம் அன்றோடு போயிற்று. குழுச் சுற்றில் முதல் நாள் அடித்த ஒரு கோல், ஒரு வாரம் கழித்து வேறொரு ஊரில் நடக்கும் ஆட்டத்தின் நடுவே வந்து நிற்கும்.

குழுச் சுற்று எப்படி நடக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நான்கு அணிகள் ஒரு குழு. ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஒரு முறை மோதும், ஆக ஒரு குழுவுக்கு ஆறு ஆட்டம். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. 90 நிமிடமும் நடுவர் சேர்த்துக் கொடுக்கும் சில நிமிடங்களும் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. கூடுதல் நேரம், பெனால்டி ஷூட்-அவுட் எதுவும் இந்தச் சுற்றில் கிடையாது.

1998 முதல் 2022 வரை 32 அணிகள், எட்டுக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். கணக்கு சுத்தமாக இருந்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட 2026 போட்டியிலிருந்து 48 அணிகள், 12 குழுக்கள். முதல் இரண்டு இடம் பிடிக்கும் 24 அணிகளோடு, மூன்றாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த எட்டு அணிகளும் சேர்ந்து 32 அணிகள் நாக்-அவுட்டுக்குப் போகும். மொத்தம் 104 ஆட்டங்களில் 72 குழுச் சுற்றுக்கே போய்விடுகிறது, அந்த 72 ஆட்டமும் ஆடி வெளியே அனுப்புவது 16 அணிகளை மட்டும்தான்.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா?

இல்லவே இல்லை. 1930-இல் முதல் உலகக் கோப்பையில் 13 அணிகள்தான், ஒரு குழுவில் நான்கு, மற்ற மூன்றிலும் மூன்று மூன்று. 1934-லும் 1938-லும் குழுவே கிடையாது, நேராக நாக்-அவுட். அதனால் 1934-இல் பிரேசிலும் அர்ஜென்டினாவும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இத்தாலி வரை வந்து ஆளுக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடி, தோற்று, ஊர் திரும்பின. அவ்வளவு தூரம் வந்த அணிக்கு மூன்று ஆட்டமாவது கிடைக்க வேண்டும் என்பதுதான் குழுச் சுற்றுக்கான முதல் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

1950 இன்னும் விசித்திரம். சில அணிகள் வராமல் போனதால் குழுக்கள் ஏறுமாறாக நின்றன, உருகுவேயின் குழுவில் இரண்டே அணிகள். பொலிவியாவை 8-0 என்று அடித்துவிட்டு உருகுவே அந்த ஒரே ஆட்டத்தோடு அடுத்த கட்டத்துக்குப் போனது. அடுத்த கட்டமும் நான்கு அணிகள் கொண்ட குழுதான், தனியாக இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. மரக்கானா மைதானத்தில் பிரேசிலை உருகுவே 2-1 என்று வென்ற அந்தப் புகழ்பெற்ற ஆட்டம்கூட அட்டவணைப்படி ஒரு குழு ஆட்டம்தான், பிரேசிலுக்கு டிரா போதுமாக இருந்தது. 1974, 1978, 1982 மூன்றிலும் முதல் குழுச் சுற்று முடிந்ததும் இரண்டாவதாக இன்னொரு குழுச் சுற்று இருந்தது. 1986-இலிருந்து அதை விட்டுவிட்டார்கள்.

வெற்றிக்கு எப்போதுமே 3 புள்ளிதானா?

1990 வரை உலகக் கோப்பையில் வெற்றிக்கு 2 புள்ளிதான். 1994-இல் 3 ஆனது. சின்ன மாற்றம் போலத் தெரியும், ஆனால் பழைய கணக்கில் இரண்டு டிராவும் ஒரு வெற்றி-ஒரு தோல்வியும் சமம், புதிய கணக்கில் ஒரு வெற்றி-ஒரு தோல்விதான் மேல். 0-0 என்று நிற்கும் ஆட்டத்தில் 80-ஆவது நிமிடத்தில் முன்னேறிப் போகலாமா, பின்னால் நின்று காக்கலாமா என்று யோசிக்கும் பயிற்சியாளருக்கு இது பெரிய வித்தியாசம்.

எத்தனை புள்ளி எடுத்தால் நிச்சயமாக உள்ளே?

முதல் இரண்டு இடத்துக்கு என்றால் 7 புள்ளி. அதற்குக் கீழே எதுவும் நூறு சதவீதம் உறுதி இல்லை. 6 புள்ளி எடுத்தும் மூன்றாம் இடத்துக்குப் போக வழி இருக்கிறது: நான்காவது அணி எல்லோரிடமும் தோற்க, மீதி மூன்றும் ஒன்றையொன்று வட்டமாக வென்றால் மூன்று பேரும் 6-இல் நிற்பார்கள். எதிர்ப்பக்கம் பார்த்தால், ஓர் அணி மூன்றையும் வென்று மற்ற மூன்றும் தங்களுக்குள் டிரா செய்துகொண்டால் 2 புள்ளியோடு ஒருவர் இரண்டாம் இடம் பிடிக்கலாம்.

நடைமுறையில் பெரும்பாலும் சண்டை நடப்பது 4 புள்ளியில். ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. இதில்தான் எல்லாக் கண்ணீரும். 1994-இல் மெக்சிகோ, அயர்லாந்து, இத்தாலி, நார்வே நான்கும் ஒரே குழுவில் 4 புள்ளி எடுத்தன, நான்குக்கும் கோல் வித்தியாசம் பூஜ்யம். மெக்சிகோ 3 கோல் அடித்திருந்தது, முதலிடம். அயர்லாந்தும் இத்தாலியும் 2, அயர்லாந்து இத்தாலியை நேரில் வென்றிருந்ததால் இரண்டாமிடம். நார்வே மூன்று ஆட்டத்திலும் சேர்த்து அடித்தது ஒரே கோல், கடைசி இடம், வெளியே. மூன்றாம் இடத்தில் தப்பிப் பிழைத்த இத்தாலி (அப்போது சிறந்த மூன்றாமிட அணிகளுக்கும் அடுத்த சுற்றில் இடம் இருந்தது) இறுதி ஆட்டம் வரை போனது. நார்வே இன்னும் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தாலே மனசு ஒரு மாதிரி ஆகும்.

2024 ஐரோப்பியக் கோப்பையிலும் இதே நடந்தது. ருமேனியா, பெல்ஜியம், ஸ்லோவாக்கியா, உக்ரைன் நான்கும் 4 புள்ளி. முதல் ஆட்டத்தில் ருமேனியாவிடம் 0-3 என்று தோற்ற உக்ரைன், அப்புறம் ஒன்றை வென்று ஒன்றை டிரா செய்தும், அந்த மூன்று கோல் பள்ளத்திலிருந்து ஏறவே முடியாமல் கடைசியாக வெளியேறியது.

புள்ளி சமமாகிவிட்டால் யார் முன்னே?

இதுதான் அதிகம் குழப்புகிற இடம், காரணம் போட்டிக்குப் போட்டி விதி வேறு.

2022 வரை உலகக் கோப்பையில் முதலில் மொத்தக் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. அதுவும் சமம் என்றால் மொத்தம் அடித்த கோல். அதற்கும் பிறகுதான் அந்த அணிகள் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவைப் பார்ப்பார்கள். ஐரோப்பியக் கோப்பையிலும் ஆசியக் கோப்பையிலும் தலைகீழ்: முதலில் நேருக்கு நேர், பிறகுதான் மொத்தக் கணக்கு. 2026-க்கான விதியில் உலகக் கோப்பையும் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

வித்தியாசம் புரிய வேண்டுமானால் 2019 ஆசியக் கோப்பையின் ஏ குழுவைப் பாருங்கள். தாய்லாந்துக்கும் பஹ்ரைனுக்கும் 4 புள்ளி. தாய்லாந்து முதல் ஆட்டத்தில் இந்தியாவிடம் 1-4 என்று அடிவாங்கியதால் கோல் வித்தியாசம் மைனஸ் 2, பஹ்ரைனுக்குப் பூஜ்யம். ஆனாலும் தாய்லாந்துதான் இரண்டாமிடம், ஏனென்றால் பஹ்ரைனை நேரில் 1-0 என்று வென்றிருந்தது. இதே குழுவில் இந்தியாவின் கோல் வித்தியாசமும் பூஜ்யம்தான், தாய்லாந்தைவிட மேல், ஆனால் புள்ளி 3, கடைசி இடம். ஷார்ஜாவில் பஹ்ரைனுடன் டிரா செய்தாலே இந்தியா உள்ளே போயிருக்கும், 90 நிமிடம் தாண்டிக் கொடுத்த ஒரு பெனால்டியில் 0-1 என்று போய்விட்டது.

நேருக்கு நேர், கோல் வித்தியாசம், இரண்டில் எது நியாயம்?

என் ஓட்டு கோல் வித்தியாசத்துக்குத்தான். நேருக்கு நேர் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, உன்னை நான் வென்றேன், அதனால் நான் மேல். ஆனால் அது மற்ற ஆட்டங்களின் உயிரை எடுத்துவிடுகிறது. இரண்டு ஆட்டம் வென்று 6 புள்ளியில் இருக்கும் அணி, 3 புள்ளியில் இருப்பவர்களை ஏற்கெனவே வென்றிருந்தால் முதலிடம் அப்போதே முடிவாகிவிடும், மூன்றாவது ஆட்டத்தில் எத்தனை கோலில் தோற்றாலும் அது அசையாது. கோல் வித்தியாசம் முதலில் இருந்தால் 3-0 என்று முன்னிலையில் இருக்கிற அணியும் நான்காவது கோலுக்கு ஓடும், 0-3 என்று பின்தங்கிய அணியும் ஒரு கோலாவது திருப்ப உயிரைக் கொடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. சமீபத்தில் பெரிதாகப் பேசப்பட்ட சமநிலைகளை எடுத்துப் பாருங்கள்: 2018-இல் ஜப்பான்-செனகல், 2022-இல் ஸ்பெயின்-ஜெர்மனி, போலந்து-மெக்சிகோ, தென் கொரியா-உருகுவே. நான்கிலும் அந்த அணிகள் நேரில் மோதிய ஆட்டம் டிரா. நேருக்கு நேர் விதி இருந்திருந்தாலும் அது கையை விரித்துவிட்டு மொத்தக் கணக்குக்கே அனுப்பியிருக்கும்.

கோல் சராசரி என்று பழைய செய்திகளில் வருகிறதே?

அது கழித்தல் இல்லை, வகுத்தல். அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். 1962-இல் புள்ளி சமமாக இருக்க, இங்கிலாந்து 4 கோல் அடித்து 3 வாங்கியிருந்தது, அர்ஜென்டினா 2 அடித்து 3 வாங்கியிருந்தது, அர்ஜென்டினா இப்படித்தான் வெளியேறியது. கோலே வாங்காத அணிக்குப் பூஜ்யத்தால் எப்படி வகுப்பது என்ற தலைவலி வேறு. 1970-இலிருந்து கோல் வித்தியாசம்.

மஞ்சள் அட்டையை எண்ணி ஓர் அணியை வெளியே அனுப்பினார்களாமே, உண்மையா?

உண்மை. 2018 ஜூன் 28, ஹெச் குழுவின் கடைசி நாள். வோல்கோகிராடில் ஜப்பான் போலந்திடம் 0-1 என்று பின்தங்கியிருக்கிறது, சமாராவில் செனகல் கொலம்பியாவிடம் 0-1 என்று பின்தங்கியிருக்கிறது. அப்படியே முடிந்தால் ஜப்பானுக்கும் செனகலுக்கும் 4 புள்ளி, இரண்டும் 4 கோல் அடித்து 4 வாங்கியவை, நேரில் 2-2. ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. அடுத்த வரி நன்னடத்தைப் புள்ளி. ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டை நான்கு, செனகல் ஆறு.

ஜப்பான் செய்தது என்ன என்றால், கடைசிப் பத்து நிமிடம் தோற்றுக்கொண்டிருக்கிற அணி பந்தைத் தன் பாதியிலேயே ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டு நின்றது. போலந்தும் வெற்றி கையில் இருந்ததால் பேசாமல் விட்டது. மைதானம் முழுக்க ஊளைச் சத்தம். பலர் அதைக் கோழைத்தனம் என்றார்கள், எனக்கு அது பெரிய துணிச்சலாகத்தான் பட்டது. ஏனென்றால் சமாராவில் செனகல் ஒரு கோல் அடித்திருந்தால் ஜப்பான் அங்கேயே முடிந்தது, தன் தலையெழுத்தை வேறொரு மைதானத்தில் ஆடும் வேறு இரண்டு அணிகளிடம் கொடுத்துவிட்டு நின்றார்கள். செனகல் அடிக்கவில்லை.

கணக்கு இப்படி: மஞ்சள் அட்டைக்கு 1 புள்ளி கழியும், இரண்டு மஞ்சள் சேர்ந்து சிவப்பானால் 3, நேரடிச் சிவப்புக்கு 4, மஞ்சள் வாங்கிய பிறகு நேரடிச் சிவப்பு என்றால் 5. 2019 ஆசியக் கோப்பையில் லெபனானை முந்தி வியட்நாம் அடுத்த சுற்றுக்குப் போனதும் இந்தக் கணக்கில்தான். வீணாக நடுவரிடம் வாய் பேசி மஞ்சள் வாங்கும் வீரர்கள் மேல் எனக்கு அதற்கப்புறம் பொறுமையே இல்லை.

அதுவும் சமமானால்? குலுக்கலா?

பல ஆண்டு அப்படித்தான் இருந்தது. 1990-இல் அயர்லாந்தும் நெதர்லாந்தும் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்தன, இரண்டும் 2 கோல் அடித்து 2 வாங்கின. யார் இரண்டாமிடம், யார் மூன்றாமிடம் என்று குலுக்கிப் போட்டார்கள், அயர்லாந்துக்கு இரண்டாமிடம் விழுந்தது. இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போனாலும் விளைவு ஒன்றில்லை: நெதர்லாந்துக்கு எதிரே மேற்கு ஜெர்மனி வந்தது, 1-2 என்று தோற்று வெளியேறியது. அயர்லாந்து ருமேனியாவைப் பெனால்டியில் வென்று காலிறுதிக்குப் போனது. 2015 ஆப்பிரிக்கக் கோப்பையில் கினியாவும் மாலியும் மூன்று மூன்று ஆட்டங்களையும் 1-1 என்றே முடித்தன, குலுக்கலில் கினியா உள்ளே, மாலி வீட்டுக்கு.

2026 விதியில் குலுக்கல் போய், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தரவரிசையில் மேலே இருப்பவர் முன்னே என்று ஆகியிருக்கிறது. இதையும் என்னால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை. தரவரிசை என்பது போட்டிக்கு முன்பே சம்பாதித்தது, சின்ன அணி மைதானத்தில் சரிசமமாக நின்றபிறகும் பழைய பெயரைக் காட்டி அனுப்புவது சரியில்லை.

கடைசி இரண்டு ஆட்டங்களும் ஏன் ஒரே நேரத்தில் நடக்கின்றன? இரண்டையும் பார்க்க முடியவில்லையே!

அல்ஜீரியாவுக்கு நடந்த அநியாயத்தால்.

1982, ஸ்பெயின். உலகக் கோப்பைக்கு முதல்முறை வந்த அல்ஜீரியா, ஜூன் 16 அன்று ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வென்றது. பிறகு ஆஸ்திரியாவிடம் 0-2 தோல்வி, ஜூன் 24 அன்று சிலியை 3-2 என்று வெற்றி. இரண்டு வெற்றி, அன்றைய கணக்கில் 4 புள்ளி. மறுநாள் அதே ஹிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அல்ஜீரியாவின் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் இருவருக்கும் என்ன வேண்டும் என்று துல்லியமாகத் தெரியும்: மேற்கு ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு பேரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே.

பத்தாவது நிமிடத்தில் ஹோர்ஸ்ட் ஹ்ருபெஷ் ஒரு கோல் அடித்தார். அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை, அதிலும் இரண்டாம் பாதி முழுக்க பந்தை இங்கேயும் அங்கேயும் தட்டிக்கொண்டு, கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு நேரத்தை ஓட்டினார்கள். பார்வையாளர் பகுதியில் இருந்த அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை எடுத்து ஆட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சியின் வர்ணனையாளரே தன் நாட்டு மக்களிடம் பெட்டியை அணைத்துவிடச் சொன்னார். 1-0 என்று முடிந்தது. அல்ஜீரியா புகார் கொடுத்தது, எந்த விதியும் மீறப்படவில்லை என்று ஃபிஃபா தள்ளிவிட்டது. மேற்கு ஜெர்மனி அந்த ஆண்டு இறுதி ஆட்டம் வரைக்கும் போனது.

நான்கு ஆண்டுக்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. 1978-இல் இரண்டாவது குழுச் சுற்றின் கடைசி நாளில் பிரேசில் தன் ஆட்டத்தை முன்னாலேயே முடித்துவிட்டது, அர்ஜென்டினா பெருவை நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் போதும் என்று தெரிந்துகொண்டு இறங்கி 6-0 என்று வென்று இறுதிக்குப் போனது. அப்போதே திருத்தியிருக்கலாம். 1986-இலிருந்துதான் ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஆகவே இரண்டையும் பார்க்க முடியவில்லையே என்று அலுத்துக்கொள்ளும்போது அல்ஜீரியாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

48 அணி என்றதும் மூன்று மூன்று பேராகப் பிரிக்கப் போவதாகச் சொன்னார்களே?

ஆமாம், முதல் திட்டம் 16 குழு, குழுவுக்கு மூன்று அணி. மூன்று பேர் இருந்தால் கடைசி ஆட்டத்தில் ஒருவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும், ஆடுகிற இருவருக்கும் எல்லாம் தெரியும். ஹிஹோனைக் கையோடு திரும்பக் கூப்பிட்டது போல ஆகியிருக்கும். 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு நான்கு அணிக் குழுவுக்கே திரும்பினார்கள். நல்ல முடிவு.

மூன்றாமிடம் பிடித்தவர்களில் "சிறந்த எட்டு" எப்படி?

12 குழுக்களின் மூன்றாமிட அணிகளைத் தனி அட்டவணையில் போட்டு, புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நன்னடத்தை, தரவரிசை என்று இறங்கிப் பார்ப்பார்கள். இவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடியதில்லை, ஆகவே நேருக்கு நேர் என்ற பேச்சே இல்லை, கோல் வித்தியாசம்தான் ராஜா.

எனக்கு இதில் உறுத்துவது, குழுக்கள் ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் முடித்த அணி கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், கடைசியாக ஆடும் குழுவுக்கு எத்தனை கோல் தேவை என்று முன்கூட்டியே தெரியும். 2016 ஐரோப்பியக் கோப்பையில் அல்பேனியா 3 புள்ளியோடு மூன்று நாள் காத்திருந்து கடைசியில் வெளியேறியது. அதே போட்டியில் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து 3 புள்ளியோடு மூன்றாமிடத்தில் நுழைந்த போர்ச்சுகல் கோப்பையையே தூக்கியது. 1986 உலகக் கோப்பையில் உருகுவேயும் பல்கேரியாவும் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல், இரண்டு டிராவோடு அடுத்த சுற்றுக்குப் போயின. மூன்று ஆட்டத்தில் ஒன்றைக்கூட வெல்லாதவருக்கு நாக்-அவுட் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் பெரும்பாலும் ஒத்துப்போவேன், போர்ச்சுகல் என் வாதத்தைக் கெடுத்தாலும்.

முதல் ஆட்டத்தில் தோற்றால் அவ்வளவுதானா?

இல்லை. 2010-இல் ஸ்பெயின் சுவிட்சர்லாந்திடம் 0-1, 2022-இல் அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் 1-2, இரண்டும் கோப்பையோடு திரும்பின. 1982-இல் இத்தாலி மூன்றையும் டிரா செய்தது, அதே குழுவில் கேமரூனும் மூன்றும் டிரா. இத்தாலி அடித்தது 2 கோல், கேமரூன் 1. ஒரு கோலில் பிழைத்த இத்தாலி உலகச் சாம்பியன், தோற்கவே தோற்காத கேமரூன் வீட்டுக்கு. 2010-இல் நியூசிலாந்துக்கும் அப்படித்தான், மூன்று டிரா, அந்தப் போட்டி முழுவதிலும் தோற்காத ஒரே அணி, ஆனால் முதல் சுற்றோடு சரி.

நடப்புச் சாம்பியன்களுக்குக் குழுச் சுற்று ராசியில்லை என்கிறார்களே?

2002 பிரான்ஸ், 2010 இத்தாலி, 2014 ஸ்பெயின், 2018 ஜெர்மனி. நான்கும் முந்தைய கோப்பையை வென்றவை, நான்கும் குழுச் சுற்றிலேயே வெளியே. பிரான்ஸ் 2002-இல் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இடையில் 2006-இல் பிரேசில் தப்பித்தது, 2022-இல் பிரான்ஸ் இறுதி வரை போனது. ராசி என்பதைவிட, நான்கு ஆண்டு வயது கூடிய அதே ஆட்களை நம்பிப் போனதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

"குரூப் ஆஃப் டெத்" என்றால்?

பெரிய அணிகள் மூன்று ஒன்றாக விழுந்த குழு. நான்கு பானைகளில் தரவரிசைப்படி அணிகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள், ஐரோப்பா தவிர ஒரே கண்டத்து அணிகள் ஒரே குழுவில் வராது. 2014-இல் உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து மூன்றும் கோப்பை வென்றவை, நான்காவது கோஸ்டாரிகா. எல்லோரும் கோஸ்டாரிகாவுக்கு இரங்கினார்கள், அது முதலிடம் பிடித்தது.

ஏற்கெனவே தேறிவிட்ட அணி மூன்றாவது ஆட்டத்தில் மாற்று வீரர்களை இறக்குவது சரியா?

அந்த அணிக்குச் சரி. இரண்டு வெவ்வேறு ஆட்டத்தில் மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டம் ஆட முடியாது, காயம் வேறு, எந்தப் பயிற்சியாளரும் ஓய்வு கொடுக்கத்தான் பார்ப்பார். ஆனால் மூன்றாம் ஆள் அடிபடுவார். 2022-இல் தேறிவிட்ட பிரான்ஸ் துனிசியாவிடம் 0-1, பிரேசில் கேமரூனிடம் 0-1, போர்ச்சுகல் தென் கொரியாவிடம் 1-2 என்று தோற்றன. இதில் கடைசியாகச் சொன்னதுதான் கொடுமை. உருகுவே கானாவை 2-0 என்று வென்றுகொண்டிருக்க, இன்னொரு மைதானத்தில் கூடுதல் நிமிடத்தில் ஹ்வாங் ஹீ-சான் கொரியாவுக்காக அடித்துவிட்டார். இருவருக்கும் 4 புள்ளி, கோல் வித்தியாசம் பூஜ்யம், கொரியா 4 கோல், உருகுவே 2. இன்னொரு கோல் தேவை என்று தெரிந்து உருகுவே ஓடிய அந்த நிமிடங்கள் பார்க்கவே முடியவில்லை.

யாராவது வேண்டுமென்றே தன் வலைக்குள் கோல் அடித்ததுண்டா?

உண்டு. 1994 ஜனவரி, கரீபியன் கோப்பைக்கான தகுதிச் சுற்றுக் குழு. அங்கே ஒரு வினோத விதி: டிரா கிடையாது, கூடுதல் நேரத்தில் அடிக்கும் தங்க கோலுக்கு (விழுந்த உடனே ஆட்டம் முடிந்துவிடும் கோல்) இரண்டு கோல் மதிப்பு. கிரெனடாவை பார்படோஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் முன்னேறும். 2-1 என்று நிற்கிறது, நேரம் போகிறது. மூன்றாவது கோல் வரவில்லை என்று கண்ட பார்படோஸ், தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்து 2-2 ஆக்கியது, கூடுதல் நேரத்துக்குப் போனால் ஒரே கோலில் இரண்டு கோல் வித்தியாசம் கிடைக்குமே என்று. கிரெனடாவுக்கு இப்போது எந்த வலையில் கோல் விழுந்தாலும் லாபம், 2-3 என்று தோற்றாலும் அது முன்னேறும். ஆக மிச்ச நிமிடங்களில் பார்படோஸ் இரண்டு பக்க வலையையும் காத்துக்கொண்டு நின்றது. கூடுதல் நேரத்தில் கோல் அடித்து 4-2 என்று முன்னேறியும் விட்டது. அந்த வீரர்கள் மேல் தப்பே இல்லை, விதி எழுதியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

கடைசி நாளை எப்படிப் பார்ப்பது? எதுவும் புரிய மாட்டேன் என்கிறது.

ஒரு தாளில் நான்கு அணியின் பெயரும், புள்ளியும், கோல் வித்தியாசமும், அடித்த கோலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கோல் விழுந்தாலும் அடித்துத் திருத்துங்கள். செல்போனிலேயே அட்டவணை தானாக மாறும், தெரியும், ஆனாலும் கையால் திருத்தும்போதுதான் ஒவ்வொரு கோலும் எங்கே போய் இடிக்கிறது என்று புரிகிறது.

2022 டிசம்பர் 1, ஈ குழு. அன்று என் தாள் முழுக்க அடித்தல் திருத்தல். ஸ்பெயினை ஜப்பான் 2-1 என்று முந்தியிருக்கிறது. அந்த இரண்டாவது கோலுக்கு முன்னால் பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது என்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது, 1.88 மில்லிமீட்டர் கோட்டின் மேல் இருந்ததாகப் பின்னால் சொன்னார்கள். 70-ஆவது நிமிடத்தில் இன்னொரு மைதானத்தில் கோஸ்டாரிகா ஜெர்மனியை 2-1 என்று முந்தியது. அந்த நிமிடம் தாளில் ஜப்பானும் கோஸ்டாரிகாவும் 6 புள்ளியோடு மேலே, ஸ்பெயினும் ஜெர்மனியும் சேர்ந்து வெளியே. மூன்று நிமிடம் அப்படி இருந்தது, பிறகு ஜெர்மனியின் ஹாவர்ட்ஸ் சமன் செய்தார், ஜெர்மனி 4-2 என்று வென்றது, வென்றும் வெளியேறியது. ஸ்பெயின் தோற்றது, தோற்றும் உள்ளே போனது. இருவருக்கும் 4 புள்ளி, ஜெர்மனியின் கோல் வித்தியாசம் 1, ஸ்பெயினுக்கு 6. எட்டு நாளுக்கு முன்னால் கோஸ்டாரிகாவை 7-0 என்று அடித்தபோது, ஐந்து போதாதா, இன்னும் எதற்கு ஓடுகிறார்கள் என்று என் பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தார்.